ஹாலில் ஒட்டிய பாண்டிக் கட்டம்

மலர்க் கண்ணு,

நானும் அப்பாவும் நல்லபடியாக மன்னார்குடி வந்து சேர்ந்தோம். பாமணி ஆற்றில் தண்ணீர் போகிறது. வீட்டைத் திறந்து, தூசி தட்டி, துணி துவைத்துப் போட்டுவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். போனில் சொல்லலாம் என்றால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளைகளைப் பற்றித்தான்.

நாங்கள் ஷார்ஜாவில் உங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் லிப்ட் வேலை செய்யவில்லை என்று சொன்னேனே, அன்று நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. நாலு மாடி. அப்பாவுக்கு 66 வயது, இரண்டு கையிலும் காய்கறிப் பை. கவினுக்கு எட்டு வயது, கையில் ஒன்றும் இல்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். முகம் சிவந்து, உதட்டுக்கு மேல் வியர்வை அரும்பி, "அம்மாச்சி, கால் வலிக்குது, தூக்கிக்கோங்க" என்றான். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, சளி இல்லை. நீ சத்தாகத்தான் சமைத்துப் போடுகிறாய். அந்தக் கால்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதில் உன்னைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஷார்ஜா வெயிலைக் கண்ணால் பார்த்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கும் அனல் காற்றுதான் அடிக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 மணியிலிருந்து 3 மணிவரை வெட்டவெளியில் யாரும் வேலை பார்க்கக் கூடாது என்று அரசாங்கமே வைத்திருக்கிற ஊரில், பிள்ளையைக் கீழே அனுப்பி விளையாடு என்று எப்படிச் சொல்வாய்? ஆனால் வெளியே போக முடியாது என்பதற்காகப் பிள்ளை அசையாமல் இருக்க வேண்டும் என்பதில்லை. இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. 32 வருஷம் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

நம்ம பால்வாடி எவ்வளவு பெரிய இடம் என்று உனக்குத் தெரியும். ஒரே அறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கும். உள்ளே இருபது, இருபத்திரண்டு பிள்ளைகள். ஊஞ்சல் கிடையாது, சறுக்குமரம் கிடையாது. காலை பத்து மணிக்குள் அதுகளை ஒரு ஆட்டு ஆட்டி விடவில்லை என்றால், கடிக்கும், கிள்ளும், அழும், சத்துமாவைத் தொடாது. ஆட்டிவிட்டால் உருண்டை உருண்டையாகச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் பாயில் வரிசையாகத் தூங்கும். யானை நடை, தவளைத் தாவல், வாத்து நடை என்று சுவருக்குச் சுவர் போய் வரச் சொல்வேன். நண்டு நடைதான் அதுகளுக்கு உயிர். பின்னால் கையை ஊன்றி, வயிறு மேலே பார்க்க இடுப்பைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் போக வேண்டும். தோள், கை, வயிறு எல்லாவற்றுக்கும் வேலை. உங்கள் ஹாலில் சோபாவிலிருந்து பால்கனிக் கதவுவரை போய் வந்தால் உனக்கே மூச்சு வாங்கும். நம்ம சின்னவள் முயலைப் பார்த்தாய் அல்லவா, நாலு வயசுக்கு அவள் எப்படி ஓடினாள் என்று?

ஆனால் அந்த 32 வருஷத்தில் ஒன்றைக் கண்டுகொண்டேன். "நீங்க ஆடுங்க, டீச்சர் பார்க்கிறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் கலைந்துவிடும். டீச்சரும் தரையில் இறங்கித் தவளையானால் அரை மணி நேரம் ஆடும். கவினிடம் நீ எத்தனை தடவை "டேப்லட்டை வச்சிட்டுக் கொஞ்சம் ஓடி ஆடுடா" என்று சொன்னாய்! அவன் ஒரு தடவையும் எழுந்திருக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் தரையில் உட்கார்ந்து நீல ஒட்டு டேப்பைக் கிழித்து ஒட்ட ஆரம்பித்ததும், கூப்பிடாமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

அந்தப் பாண்டிக் கட்டத்தைப் பிய்த்துவிடாதே, கண்ணு. உங்கள் ஹாலில் டைல்ஸ் கோடு ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேலேயே டேப் ஒட்டினேன், எட்டுக் கட்டமும் நேராக வந்தது. ஓட்டுச் சில்லு போட்டால் டைல்ஸ் கீறும், வழுக்கிக்கொண்டும் போகும். அதனால் கவினுடைய பழைய சாக்ஸில் ஒரு பிடி பச்சைப்பயறு போட்டு முடிச்சுப் போட்டேன். விழுந்த இடத்திலேயே நிற்கும், சத்தமும் வராது. காலில் சாக்ஸ் மட்டும் வேண்டாம், வெறுங்காலோடு ஆடணும். முதல் நாள் அவனால் ஒற்றைக் காலில் மூன்று கட்டம் தாண்ட முடியவில்லை, கை சுவரைத் தேடியது. நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் எட்டும் போய்த் திரும்பி, குனிந்து சில்லை எடுத்துக்கொண்டு வந்தான். நொண்டி அடிப்பது சின்ன விஷயமில்லை. காலுக்குப் பலம், உடம்புக்கு நிதானம் இரண்டையும் அது சேர்த்துத் தருகிறது.

கீழ் வீட்டுக்காரர்கள் ஒரு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னது நியாயம். குதிக்கிற ஆட்டமெல்லாம் முயல் அறையில் கிடக்கிற ரப்பர் பாயின் மேல் இருக்கட்டும், ராத்திரி எட்டு மணிக்கு முன்னால் முடித்துவிடு. அதற்குப் பிறகு பலூன். ஒரு பலூனை ஊதி, தரையில் விழாமல் வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றித் தட்டணும். கையால் முடிந்தால் தலையால், அப்புறம் முழங்காலால். மாப்பிள்ளை அன்றைக்கு ஆபீஸ் சட்டையோடு அதில் சேர்ந்துகொண்டாரே, கவின் முகத்தை நீ பார்க்கவில்லை, அடுப்படியில் இருந்தாய். அப்பா வேலையிலிருந்து வந்ததும் தன்னோடு ஆடுவார் என்று அந்தப் பிள்ளை எதிர்பார்த்திருக்கவே இல்லை.

ஆறு பேரும் இருந்தோம் என்பதால் பூப்பறிக்க வருகிறோம் ஆடினோம். மூன்று பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம், கை கோத்துக்கொண்டு முன்னால் போய்ப் பின்னால் வந்து, கடைசியில் இழுப்பு. இப்போது நீங்கள் நாலு பேர், இரண்டுக்கு இரண்டு போதும். கும்மிக்கும் நாலு பேர் போதும். குனிந்து நிமிர்ந்து தட்டணும், நின்றபடி கையை மட்டும் தட்டினால் அது கும்மி இல்லை. கரகர வண்டி சுற்றும்போது முயலிடம் மட்டும் ஜாக்கிரதை. ஐந்து வயசுக்குள் உள்ள பிள்ளையைக் கையைப் பிடித்துத் தூக்கிச் சுழற்றவே கூடாது. முழங்கை மூட்டு நழுவிவிடும், நான் பால்வாடியில் பார்த்திருக்கிறேன். தூக்கினால் அக்குளுக்கு அடியில் பிடித்துத் தூக்கு. இன்னொன்று, பால்கனியில் கிடக்கிற நாற்காலியை இன்றைக்கே உள்ளே எடுத்துப் போடு. ஆட்டம் சூடு பிடித்தால் பிள்ளை எதன் மேலும் ஏறும். டீபாயையும் சுவரோரம் தள்ளிவிடு, அதன் கண்ணாடி முனை சரியாக முயலின் நெற்றி உயரத்தில் இருக்கிறது.

எவ்வளவு நேரம் என்று கேட்டாய். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு இது: 5 முதல் 17 வயது வரை ஒரு நாளைக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற மாதிரி ஆடணும். முயல் வயசுக்கு நாள் முழுதும் சேர்த்து 180 நிமிடம் அசைவு, அதில் 60 நிமிடம் நன்றாக ஓடியாடுவது. அவள் உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். இதைப் பார்த்துப் பயந்துவிடாதே. ஒரே மூச்சில் செய்யணும் என்றில்லை. காலையில் பத்து நிமிஷம், பள்ளி விட்டு வந்து இருபது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் முப்பது என்று வந்தாலும் கணக்கில் சேரும். அவர்கள் கணக்கில் வீட்டு வேலையும் உண்டு. கொடியில் துணி உதறிப் போடுவதும், குந்தி உட்கார்ந்து தரை துடைப்பதும் சேர்த்திதான். கவினைத் துடைக்கச் சொல், ஆனால் நீயும் பக்கத்தில் ஒரு துணியோடு இறங்கு. யார் முதலில் சுவரைத் தொடுகிறார்கள் என்று பார்க்கலாம். சாப்பாட்டையும் வாரத்துக்கு இரண்டு நாளாவது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா பார். முதல் நாள் உன்னால் முடியவில்லை, நான் கவனித்தேன், மனசு கஷ்டமாக இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வேன். ஹோம்வொர்க் முடிக்காததற்குக் கவினைத் தோப்புக்கரணம் போட வைத்தாய். அதைச் செய்யாதே. தோப்புக்கரணம் நல்ல பயிற்சி. பிள்ளையார் முன்னால் நாம் எல்லோரும் சேர்ந்து போட்டால் அவனும் சிரித்துக்கொண்டே போடுவான். தண்டனையாகப் போட்டால் உடம்பை அசைப்பதே அவமானம் என்று அந்த மனசில் பதிந்துவிடும். அதே மாதிரி, "பத்து நிமிஷம் ஓடினால் டேப்லட் தருவேன்" என்றும் சொல்லாதே. அப்படிச் சொன்னால் ஓடுவது கசப்பு மருந்து, டேப்லட் அதற்கப்புறம் கிடைக்கிற சர்க்கரை என்று நீயே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு உன் சின்ன வயசு ஞாபகம் வருகிறது. ஊர்ப் பிள்ளைகளோடெல்லாம் தவளையாகத் தாவிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் களைப்பில் திண்ணையில் சாய்ந்துவிடுவேன். நீ ஸ்கிப்பிங் கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொண்டுவந்து வைத்து, "கொஞ்சம் பிடிம்மா" என்பாய். "ஓரமா உட்கார்ந்து படி, மலர்" என்று எத்தனை நாள் உன்னை அனுப்பியிருக்கிறேன். நீ மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டு தனியாகச் சுற்றுவாய், சுற்ற ஆள் இல்லாமல் கயிறு பாதியில் விழும். அந்தக் கயிறு என் மனசிலேயே கிடக்கிறது. ஆபீஸ் விட்டு வரும்போது உனக்கும் அதே களைப்பு இருக்கிறது, எனக்குத் தெரியாதா? அந்தக் களைப்பிலும் பத்து நிமிஷம் முனையைப் பிடி, கண்ணு. பத்து நிமிஷம் போதும்.

அப்பா டாக்டரிடம் போய் வந்தார். சாப்பிட்டதும் உட்காராமல் 10, 15 நிமிடம் நடக்கச் சொல்லியிருக்கிறார். நடக்கும்போது கால் தசை ரத்தத்துச் சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கும், சாப்பிட்ட பின் ஏறுகிற சர்க்கரை அவ்வளவு ஏறாது. வாசல், ரேழி, முற்றம், கொல்லை என்று போய் வருகிறார். மாப்பிள்ளை வீட்டிலும் சர்க்கரை உண்டு, அதனால் அவரிடமும் சொல். கூடத்துக்கும் பால்கனிக்கும் நடுவே, இரண்டு பிள்ளைகளையும் பின்னால் ரயில் பெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நடக்கட்டும். வயசானவர்கள் விழாமல் இருக்க, நிதானத்துக்கான பயிற்சி வாரத்துக்கு மூன்று நாளாவது வேண்டுமாம். அதற்கு அப்பா சுவரோரம் ஒற்றைக் காலில் நின்று பழகுகிறார்.

அடுத்த தெருவிலிருந்து ஒரு தம்பி 20ஆம் தேதி ஷார்ஜா கிளம்புகிறான். இரண்டு ஜோடி கோலாட்டக் குச்சியும் ஒரு நீளக் கயிறும் கொடுத்து அனுப்புகிறேன். கயிறு இரண்டு பேர் பிடித்துச் சுற்றுகிற நீளம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆடும்போது வீடியோவில் கூப்பிடு, போனை டிவி மேஜையில் சாய்த்து வை, கட்டம் முழுதும் தெரியட்டும். அப்பா ஒற்றைக் காலில் நிற்பதைக் கவின்தான் எண்ணணும் என்று இருவருக்கும் பேச்சாம். நேற்று வலது காலில் 31, இடது காலில் 23. இடது கால் கணக்கை அவனிடம் சொல்ல வேண்டாம், வெள்ளிக்கிழமைக்குள் 30 கொண்டுவந்துவிடுகிறேன் என்கிறார்.

அன்புடன்,
அம்மா