சுதைக் குதிரைக்கு சிமெண்ட் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறை நாளில், பொன்னர்-சங்கர் சகோதரர்களைக் கும்பிடும் அண்ணமார் கோயில்களுக்குச் சிலை பார்க்கப் போகிறவர்கள் காலை 9 மணிக்குள் போய்விடுங்கள். சாய்வெயிலில்தான் குதிரையின் சேணமும் சங்கரின் மீசை முறுக்கும் எடுப்பாகத் தெரியும். விரிசலும் அப்போதுதான் தெரியும். அண்ணமார் கதையில் வரும் கொம்பன் பன்றியின் அடிவயிற்றைக் குனிந்து பாருங்கள். பல ஊர்களில் பெயிண்ட் கொப்புளித்திருக்கும். விரல் கணுவால் மெல்லத் தட்டினால் 'டொப் டொப்' என்று கேட்கும். உள்ளே பூச்சு விட்டுவிட்டது என்று அர்த்தம்.

பழைய சுதை உருவங்கள் செங்கல் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசியவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். கும்பாபிஷேகத்துக்கு என்று மேலே சிமெண்டைப் பூசி எனாமல் அடித்தால் ஈரம் போக வழியில்லை. உப்போடு சேர்ந்து பூச்சையே தள்ளுகிறது. கைக்கும் வாலுக்கும் வைத்த கம்பி துருப்பிடித்துப் பருத்தால் அந்த இடம் வெடிக்கும்.

சண்டிகரில் நேக் சந்த் உடைந்த வளையலும் பீங்கானும் பதித்து உருவாக்கிய பாறைத் தோட்டம் 1976-ல் திறக்கப்பட்டது. அந்த உருவங்கள் சிமெண்டிலேயே செய்தவை. அங்கே சிமெண்ட் ஒட்டு பொருந்தும். நம்முடையது சுண்ணாம்பு. அதற்குச் சுண்ணாம்புதான் ஒட்டும்.

சிமெண்ட் ஒட்டைச் சிற்றுளியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். டிரில்லர் வைத்தால் பழைய மூக்கும் காதும் சேர்ந்தே போகும். துருவைச் சுரண்டி, இடத்தை நன்றாக நனைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்குச் சலித்த மணல் இரண்டு முதல் மூன்று பங்கு சேர்க்கலாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்தால் சாந்து கரண்டியில் வெண்ணெய் மாதிரி வழுக்கும். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தடிமனாக அப்பினால் காயும்போதே வெடிக்கும். முதல் பூச்சு இறுகிய பிறகே அடுத்தது. ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போர்த்தி வைக்க வேண்டும். வண்ணத்துக்குச் சுண்ணாம்பில் கலந்த காவியும் மஞ்சள் மண்ணும் போதும். எனாமல் பளபளப்பு இராது, இராமல் போகட்டுமே.

கும்பாபிஷேகத் தேதியைக் குறித்துவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் பாதிக் கேடு. சுண்ணாம்பு காற்றை வாங்கி இறுகுவது, அவசரத்துக்கு வராது. ஐப்பசி மழையும் சித்திரை வெயிலும் ஆகாது. தையில் தொடங்கி, மாசிக்குள் பூச்சை முடித்துவிட்டு, அதன்பிறகு கோயில் கமிட்டி நாள் பார்க்கட்டும்.

— சுதை வேலை செய்வோர் சிலர்,
காங்கேயம் வட்டம்