பந்து கொடுத்தவரின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குரோஷியாவின் உதைபந்தாட்ட வீரர் லூகா மொட்ரிச் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், நன்றி. கிரிக்கெட்டுக்கு வெளியே ஒரு ஆட்டக்காரருக்கு அவ்வளவு இடம் கிடைப்பது எங்கள் பத்திரிகைகளில் அபூர்வம். ஆனால் போரும் அகதி வாழ்வும்தான் அந்த மனிதரை உருக்கி எடுத்தன என்று கட்டுரை போன போக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் விசுவமடுக்காரன். கச்சானும் நெல்லும் செய்கிறேன். முழங்கால் இடங்கொடுத்த காலம் வரைக்கும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பாடசாலைப் போட்டிகளுக்கும் கழகப் போட்டிகளுக்கும் மத்தியஸ்தராக ஓடியவன். மத்தியஸ்தருக்கும் நடுக்கள ஆட்டக்காரருக்கும் மைதானத்தில் கிட்டத்தட்ட ஒரே இடம்தான். அதனால் அவர்களை நான் பார்த்த அளவுக்குப் பயிற்றுநர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நல்ல நடுக்களக்காரன் பந்து காலுக்கு வருமுன்னரே இரண்டு தோளுக்கு மேலாலும் திரும்பிப் பார்த்துவிடுவான். அந்தப் பார்வையில் நான் எங்கே நிற்கிறேன் என்பதும் அவனுக்குக் கணக்கு. பந்து மத்தியஸ்தரில் பட்டு எதிரணியிடம் போனால் ஆட்டத்தை நிறுத்தி, பந்தைக் கீழே விட்டு மறுபடி தொடங்கவேண்டும் என்ற விதி 2019 இல்தான் வந்தது. அதற்கு முதல் என் காலில் பட்டுத் திசைமாறிய பந்துகளுக்காகச் சனத்திடம் நிறைய ஏச்சு வாங்கியிருக்கிறேன். கெட்டிக்காரப் பெடியள் கொடுத்த பந்து மட்டும் என்னில் பட்டதாக ஞாபகம் இல்லை.

சரி, மொட்ரிச்சுக்கு வருகிறேன். 1985 இல் குரோஷியாவின் கடற்கரை நகரமான ஸடாரில் பிறந்தவர். 1991 டிசம்பரில் அவருடைய தாத்தாவைச் சுட்டுக் கொன்றார்கள். பேரனுக்கும் அந்தத் தாத்தாவின் பெயர்தான். குடும்பம் ஊரைவிட்டு ஓடி, அகதிகளுக்குத் திறந்துவிடப்பட்ட ஹோட்டல்களில் வருடக்கணக்காக இருந்தது. ஹோட்டலின் வாகனத் தரிப்பிடத்தில் பெடியன் பந்தடித்தான். இதுவரைக்கும் உங்கள் கட்டுரை சொன்னது சரி.

எங்கள் போர் முடிந்த 2009 இல் நாங்களும் செட்டிகுளத்து அகதி முகாம்களில் இருந்தோம். கூடார வரிசைகளுக்கு நடுவே, தண்ணீர் பவுசர் வந்து போகும் புழுதிப் பாதையில் பெடியள் பந்தடித்தார்கள். பந்து என்றால் பழந்துணியையும் பொலித்தீனையும் சுருட்டிக் கட்டியது. அதற்குள் இரண்டு பேர் கண்ணை எடுக்கவிடாமல் ஆடினார்கள். துன்பம்தான் ஆட்டக்காரரை உண்டாக்கும் என்றால் அந்தப் பாதையிலிருந்து ஒரு அணியே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. ஏன் என்பதற்கு மொட்ரிச்சின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. உங்கள் கட்டுரை அந்தப் பகுதியை இரண்டு வரியில் தாண்டிவிட்டது.

ஸடாரில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோதும் ஒரு கழகம் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தது. ஹோட்டல் வாசலில் பந்தோடு திரிந்த பெடியனைப் பற்றி அந்தக் கழகத்துக்குத் தகவல் போனது, ஆள் வந்து பார்த்தார்கள், சேர்த்துக்கொண்டார்கள். நாட்டின் பெரிய கழகங்களில் ஒன்றான ஹைடுக் ஸ்பிளிட் 'ஆள் சின்னன், மெலிவு' என்று திருப்பி அனுப்பியபோது தொமிஸ்லாவ் பாஷிச் என்ற பயிற்றுநர் அவரைக் கைவிடவில்லை. பிறகு டினாமோ ஸாகிரெப் எடுத்தது. எடுத்த உடனே பெரிய அணியில் போடவில்லை. 2003 இல் பக்கத்து நாடான பொஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மொஸ்டார் கழகத்துக்கு இரவலாக அனுப்பினார்கள். முரட்டு ஆட்டம், மோசமான மைதானம். பதினெட்டு வயதில் அந்த லீக்கின் சிறந்த வீரர் என்று பெயர் எடுத்தார். அங்கே ஆடியவன் எங்கும் ஆடலாம் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அடுத்த பருவம் இன்டர் ஸப்ரேஷிச் என்ற சிறிய கழகத்தில், மறுபடியும் இரவல். இரண்டு வருடம் வாராவாரம் பெரிய ஆட்களோடு மோதிய பிறகுதான் டினாமோவில் நிலையான இடம். அதன் பின் தொடர்ந்து மூன்று லீக் பட்டம், 2008 இல் இங்கிலாந்தின் டொட்டன்ஹாம். என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையில் மிக முக்கியமான பகுதி யாருமே படம் எடுக்காத இந்த இரண்டு இரவல் வருடங்கள்தான்.

டொட்டன்ஹாமிலும் முதல் மாதங்களில் 'உடம்பு போதாது' என்றார்கள். அவர் சேர்ந்த பருவத்தில் அந்த அணி முதல் எட்டு ஆட்டத்தில் இரண்டே புள்ளி. புது முகாமையாளராக வந்த ஹரி ரெட்னாப் அவரை மைதானத்தின் நடுவுக்குள் கொண்டுவந்த பிறகு கதை மாறியது. 2012 இல் ரியல் மெட்ரிட் வாங்கியது. அந்த டிசம்பரிலேயே ஸ்பெயினின் மார்க்கா பத்திரிகை வாசகர்களிடம் வாக்கெடுத்தது. அந்தப் பருவத்தின் மோசமான கொள்வனவு மொட்ரிச்தான் என்று முடிவு வந்தது. பத்திரிகைக்காரருக்குக் கோல்தானே கண்ணில் படும் (கோபிக்க வேண்டாம், உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்).

அதே கழகத்தில் பதின்மூன்று பருவம் ஆடி 2025 இல் விலகியபோது கணக்கு இப்படி: 597 ஆட்டம், 28 கிண்ணம், அதில் ஆறு, ஐரோப்பியக் கழகங்களின் மிகப் பெரிய கிண்ணமான சாம்பியன்ஸ் லீக். கோல் 43. கிட்டத்தட்டப் பதினான்கு ஆட்டத்துக்கு ஒரு கோல்தான். எங்கள் ஊர் வர்ணனையாளர் ஒருவரிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால், ஒலிவாங்கியில் இவருடைய பெயரைச் சொல்லவே மாட்டார். 2014 இல் லிஸ்பனில் அத்லெட்டிகோவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் 93 ஆவது நிமிடத்தில் மெட்ரிட்டின் ராமோஸ் தலையால் கோல் அடித்தது எல்லோருக்கும் தெரியும். அந்த மூலை உதையை அடித்தது மொட்ரிச். 2022 இல் செல்சியோடு காலிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் மெட்ரிட் வெளியேறும் நிலை; வலது காலின் வெளிப்பக்கத்தால் அவர் சீவிவிட்ட பந்து தடுப்பாட்டக்காரர் எல்லோருக்கும் மேலாலே வளைந்து சக ஆட்டக்காரர் ரொட்ரிகோவின் காலுக்கு நேராக இறங்கியது. அந்தத் துண்டை என் பேரன் கைத்தொலைபேசியில் வைத்திருக்கிறான். பந்து கிளம்பும் நேரத்தில் ரொட்ரிகோ இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை என்பதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தெரியும்.

நாட்டுக்கு ஆடியதும் அப்படியே. 2006 இல் ஆர்ஜென்டினாவுக்கு எதிராகத் தொடங்கி, குரோஷியாவுக்காக அதிக ஆட்டம் ஆடியவர் என்ற இடத்துக்கு வந்தார். நாற்பது இலட்சம் பேர்கூட இல்லாத நாடு. 2018 உலகக் கிண்ணத்தில் டென்மார்க்குடன் மேலதிக நேரத்தில் அவர் அடித்த தண்ட உதையைக் கோல் காப்பாளர் பிடித்துவிட்டார். சில நிமிடத்தில் சமநிலை முறிப்பு உதை. ஒதுங்கி நிற்காமல் மறுபடி போய் அடித்தார், கோல். அதற்குப் பிறகு ரஷ்யா, இங்கிலாந்து, இரண்டும் 120 நிமிடம். இறுதிப் போட்டியில் பிரான்ஸிடம் 4-2 என்று தோற்றாலும் தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கு. (அந்த இறுதிப் போட்டியில் காணொளி பார்த்துப் பிரான்ஸுக்குக் கொடுத்த தண்ட உதையைப் பற்றி ஒரு மத்தியஸ்தராக நான் தனிக் கடிதமே எழுதலாம், இப்போது வேண்டாம்.) அதே வருடம் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டோர் விருது. மெஸ்ஸியும் ரொனால்டோவும் பத்து வருடமாக மாறி மாறி எடுத்ததை ஒரு நடுக்களக்காரர் எடுத்தார்.

அவரைத் தெய்வமாக்கத் தேவையில்லை. டினாமோவின் முன்னாள் தலைவர் மாமிச்சின் வழக்கில் கொடுத்த சாட்சியத்துக்காக 2018 இல் மொட்ரிச் மேல் பொய்ச்சாட்சிக் குற்றம் சுமத்தினார்கள், பின்னர் அது தள்ளுபடியானது. அந்த நேரம் அவருடைய சொந்த நாட்டுச் சனமே ஏசியது. உங்கள் கட்டுரையில் இது இல்லை. இருந்திருந்தால் மனிதர் இன்னும் கிட்ட வந்திருப்பார்.

இனி எங்கள் பக்கம். வன்னியில் உதைபந்தாட்டத்துக்கு ஆர்வம் குறைவென்று யாரும் சொல்ல ஏலாது. லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு போட்டிக்கு வருகிற பெடியளைப் பார்த்தால் தெரியும். ஆனால் நடப்பதெல்லாம் ஞாபகார்த்தக் கிண்ணங்கள். ஒன்பது பேர், அரை நேரத்துக்கு இருபது நிமிடம், விலகல் முறை. காலையில் முதல் ஆட்டத்தில் தோற்றவன் பத்து மணிக்கே வீடு திரும்புகிறான். அடுத்த போட்டி எப்போது என்று அவனுக்கும் தெரியாது, பயிற்றுநருக்கும் தெரியாது. இப்படி ஒரு ஆட்டத்தில் தலை போகும் என்றால் எந்தப் பயிற்றுநர் சின்னப் பெடியனை நடுவில் விடுவார்? உயரமானவனைப் பின்னால் நிறுத்தி, பலமானவனை முன்னால் நிறுத்தி, நடுவைத் தாண்டித் தூக்கி அடிக்கச் சொல்வார். வைகாசியில் சோளகக் காற்றுத் தொடங்கினால் தூக்கி அடித்த பந்து காற்றோடு வேலிக்கு அப்பால் போகிறது. நிலத்தோடு பந்தைக் கொடுத்து ஆடவேண்டிய ஊர் என்றால் எங்களுடையதுதான், நாங்களோ வானத்தைப் பார்த்து ஆடுகிறோம்.

ஒரு பதினாறு வயதுப் பிரிவுப் போட்டிக்கு மத்தியஸ்தராக நின்றபோது கண்டது. ஒரு அணியில் நடுவில் ஆடிய பெடியன் என் நெஞ்சுக்கும் வரமாட்டான். முதல் பாதியில் அவன் தவறாகக் கொடுத்த பந்து ஒன்றோ இரண்டோ. இடைவேளைக்குப் பிறகு அவனை எடுத்துவிட்டார்கள். 'உடம்பு காணாது சேர்' என்று அவர்களுடைய ஆசிரியர் எனக்கே விளக்கம் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை, தோற்றால் அன்றோடு முடிந்தது. பெடியன் இப்போது மேசன் வேலைக்குப் போகிறான் என்று கேள்வி.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டக் கழகங்கள் சேர்ந்து பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு லீக் முறையில் ஒரு தொடர் நடத்தவேண்டும். மாரி வெள்ளம் வடிந்து மைதானம் இறுகும் மாசியில் தொடங்கி, ஒவ்வொரு அணியும் மற்ற அணிகளோடு ஊரில் ஒருமுறை, வெளியில் ஒருமுறை. கிண்ணத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் போகும் காசை வாகனத்துக்கு எரிபொருள் போடக் கொடுத்தால் போதும். தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது என்றால் சின்னப் பெடியனுக்கும் இடம் கிடைக்கும்.

மற்றது உங்களிடம். 'ஆறாவது நிமிடத்தில் இன்னார் கோல் போட்டார்' என்று எழுதும்போது பந்தைக் கொடுத்தவர் யார் என்றும் ஒரு சொல் சேர்த்துப் போடுங்கள். பத்திரிகையில் பெயர் வந்த துண்டை வெட்டி வீட்டுச் சுவரில் ஒட்டுகிற வயது அவர்களுக்கு. மத்தியஸ்தரின் குறிப்பில் கோல் அடித்தவரின் இலக்கம் மட்டும்தான் இருக்கும் என்று உங்கள் செய்தியாளர் சொல்லக்கூடும். உண்மைதான். எங்கள் பக்கத்துப் போட்டிகளுக்கு நான் இப்போதும் போய் எல்லைக்கோட்டில் கதிரை போட்டு இருக்கிறேன், கையில் கொப்பியும் இருக்கிறது. கொடுத்தவரின் பெயரை அன்று பின்னேரமே உங்கள் கிளிநொச்சிச் செய்தியாளருக்கு அனுப்பிவிடுவேன். செலவு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் மத்தியஸ்தர் ஒருவர்,
விசுவமடு.