தொட்டுப் பாக்காம எப்படி வாங்குவாங்க பாப்பா

பாப்பா,

போன்ல பேசினா நீ நடுவுல "கஸ்டமர் வந்துட்டாங்கம்மா"ன்னு வச்சிடுவ, அதான் வாட்ஸப்ல எழுதறேன், சாப்பாட்டு நேரத்துல நிதானமா படி. ஷோரூம்ல ஆளுங்க வந்து கிட்டாரை எடுத்து அரை மணி நேரம் வாசிச்சிட்டு, விலைச் சீட்டை போட்டோ புடிச்சினு போய் ஆன்லைன்ல வாங்கிடறாங்க, அதனால இனிமே வாங்கறேன்னு சொல்றவங்களுக்கு மட்டும் எடுத்துக் குடுன்னு மேனேஜர் சொல்லிட்டாருன்னு சொன்ன இல்ல. டார்கெட் இருக்கு, மாசக் கடைசில உனக்கு எவ்ளோ டென்ஷன்னு எனக்கு தெரியும். ஆனா இந்த ரூல் தப்பு பாப்பா. ஆரணி பட்டுக் கடையில பத்து புடவையை பிரிச்சி தோள்ல போட்டு காட்டறாங்களே, அதுல ஒம்போதை மடிச்சி உள்ள வைக்கப் போறோம்னு தெரிஞ்சிதானே பிரிக்கறாங்க.

அதுவும் நம்ம சரக்கு புடவை மாதிரி கண்ணால பாத்து முடிவு பண்றது கூட இல்ல. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே விலை, ரெண்டு கிட்டாரை பக்கத்துல வச்சி வாசிச்சா ரெண்டும் வேற வேற மாதிரி பேசும், மரம் அப்படி. மிருதங்கம் கேக்கவே வேணாம், பெரும்பாலும் பலா மரம்தான், ஆனா கட்டை ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, வலந்தலைல, அதான் வலது பக்கத் தோல்ல, சாதம்னு சொல்ற கறுப்பு பூச்சு போட்ட கையும் வேற. பெட்டில அடைச்சி வீட்டுக்கு அனுப்பறவன் எது வருதோ அதை வாங்கிக்கோன்னுதான் சொல்ல முடியும். இதுல உனக்கு புடிச்ச சத்தம் எதுன்னு நீயே கேட்டு எடுத்துக்கோன்னு சொல்ல கடையால மட்டும்தான் முடியும், அதையும் நாமளே பூட்டு போட்டு வச்சிட்டா அப்புறம் இன்னாத்துக்கு அவங்க பஸ் ஏறி நம்மகிட்ட வரணும்?

சின்ன வயசுல நம்ம வேலூர் கடையில கல்லா பக்கத்துல உக்காந்து நீயே எல்லாம் பாத்தவ. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வர்ற வங்காளத்துக்காரங்க, மிசோரம், நாகாலாந்துல இருந்து வர்றவங்க, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் லாட்ஜ்ல ரூம் எடுத்து தங்கிகினு, சாயங்காலம் ஆனா மனசு கனத்துப் போய் பஜார் பக்கம் நடந்து வருவாங்க. மிசோரம் பசங்க கண்ணு கிட்டார் மேல போவும், வங்காளத்துக்காரங்க நேரா ஆர்மோனியத்துகிட்ட போய் நிப்பாங்க. உங்க நைனா ஒண்ணும் கேக்க மாட்டாரு, ஒரு ஸ்டூலை இழுத்து போட்டுட்டு தன் வேலையை பாத்துகினு இருப்பாரு. அவ்ளோ தூரம் ரயில்ல தூக்கினு போக முடியாது, வாங்க மாட்டாங்கன்னு எங்களுக்கு தெரியும். ஆனா அவங்க வாசிக்கற சத்தம் கேட்டுதான் ரோட்ல போறவங்க நின்னு உள்ள வந்தாங்க. மூடி வச்ச பெட்டியை பாத்து யாரு பாப்பா கடைக்குள்ள வருவாங்க? அந்த வீட்டு ஆளு வார்டுல படுத்துகினு இருக்க, இவங்களுக்கு அந்த கொஞ்ச நேரமாவது ஊரு ஞாபகம் வந்துச்சே, அதுவும் பெரிய விஷயம்தான்.

சரி, வாசிக்க விடறதுன்னா சும்மா விட்டுடறது இல்ல, அதுக்கு ஒரு முறை இருக்கு. காலைல ஷட்டரை தூக்கினதும் முதல்ல ட்யூன் பண்ணு. ராத்திரி ஏசி ஆஃப், காலைல ஏசி ஆன், இதுல மாட்டி வச்ச கிட்டாரெல்லாம் ஸ்ருதி விலகி கெடக்கும், புதுக் கம்பி வேற இழுத்துக்கும். கத்துக்க ஆசைப்பட்டு வர்ற புள்ள அதை எடுத்து ஒரு தரம் மீட்டினா கர்ணகொடூரமா கேக்கும், ஸ்ருதி சேரலன்னு அதுக்கு எப்படி தெரியும், நமக்குதான் இது வராது போலன்னு நெனச்சி வச்சிட்டு போயிடும். ஒரு புள்ளைக்கு சங்கீதம் அங்கயே நின்னு போவுது பாரு, எனக்கு அதை நெனச்சா வயிறு எரியும். ஸ்ருதி காட்டற க்ளிப் ட்யூனரை பாக்கெட்லயே வச்சிக்கோ. வயலின்னா புது வில்லுல ரோசின் பிசினை தேய்ச்சி வை, தேய்க்காத வில்லு கம்பி மேல வழுக்கினு போவும், சத்தமே வராது, பாவம் அவங்க வயலின்ல கோளாறுன்னு நெனப்பாங்க.

அப்புறம் எப்படி பாக்கணும்னு சொல்லிக் குடு, நமக்கு நஷ்டம் வந்துடும்னு மறைக்காத. கிட்டார்ல கழுத்துல குறுக்க பதிச்சிருக்கற பன்னெண்டாவது ஃப்ரெட் கம்பிக்கு நேரா, மீட்டற கம்பியை விரலால லேசா தொட்டு ஒரு தரம் மீட்ட சொல்லு, அப்புறம் அங்கயே அழுத்தி ஒரு தரம், ரெண்டும் ஒரே ஸ்வரமா வரணும், வரலன்னா மேல போகப் போக ஸ்ருதி விலகும். ஆர்மோனியத்துல துருத்தியை அடிச்சி காத்து ரொப்பிட்டு அழுத்தி வாசிக்கற கட்டையை தொடாம விட்டா, காத்து அப்படியே நிக்கணும், தானா இறங்கினா எங்கியோ லீக். மிருதங்கம் கேட்டு வந்தா முதல்ல யாரு பாட்டுக்கு வாசிக்கப் போறாங்கன்னு கேளு, பொம்பளைங்க பாடற ஒசந்த ஸ்ருதிக்கு 22 இன்ச் நீளம், ஆம்பளைங்க ஸ்ருதிக்கு 24 இன்ச் பக்கம் போவணும்.

வாயில வைக்கறது மட்டும் கண்டிப்பா இரு. புல்லாங்குழலை ஸ்பிரிட் போட்டு தொடைக்காம அடுத்தவங்ககிட்ட குடுக்காத. மவுத் ஆர்கனை வாய் வச்சி பாக்க விடாத, அதுக்குன்னு துருத்தி வச்ச டெஸ்டர் விக்குது, ஒண்ணு வாங்கி வைக்க சொல்லு. நாதஸ்வரம் வாசிக்கற நாயனக்காரங்க வாயில வச்சி ஊதற சீவாளியை தாங்களே கொண்டாந்துடுவாங்க, அந்த தொல்லை இல்ல.

நீ நல்லா வாசிப்ப, எனக்கு அதுல பெருமைதான், ஆனா கஸ்டமர் கையில இருந்து வாங்கி சரசரன்னு வாசிச்சி காட்டாத கண்ணு. கத்துக்க வந்தவங்க கூசிப் போயிடுவாங்க. அவங்களா கேட்டா நாலடி தள்ளி உக்காந்து மெதுவா வாசி, வாத்தியத்தை புடிச்சிருக்கறவங்களுக்கு கேக்கற சத்தம் வேற, எதிர்ல இருக்கறவங்களுக்கு கேக்கறது வேற, அதுக்கு அது உதவும். அவங்க வாசிக்கும்போது தலைமேல நிக்காத, கொஞ்சம் நகர்ந்துக்கோ, கூப்ட்டா வா.

ஆளைப் பாத்து எடை போடாத. ரப்பர் செருப்பு, சாயம் போன லுங்கின்னு செய்யாறு பக்கத்துல இருந்து வர்ற கூத்து வாத்தியாருங்களுக்கு ஆர்மோனியத்துல சத்தம் குடுக்கற ரீடுல எது இழுக்குதுன்னு ஒரு அழுத்துல தெரியும். பறை வாங்க வர்றவரு தோலை அனல்ல காட்டாம சத்தம் சொல்ல முடியாதுன்னுவாரு, நைனா கடை பின்னாடி ரெண்டு ஓலையை கொளுத்தி விடுவாரு, காட்டி அடிச்சி பாத்துட்டுதான் பணத்தை எடுப்பாரு, அதுதானே நியாயம். பொம்பளைங்க வந்தா அவங்க மூஞ்சை பாத்து பேசு. நான் ஒரு தரம் வெளியூர்ல பெரிய கடையில வயலின் பாக்க போனேன், கேள்வி கேட்டது பூரா நானு, பதில் பூரா உங்க நைனாவுக்கு சொன்னாங்க, அவருக்கு வயலின்ல கம்பி எத்தனைன்னு மட்டும்தான் தெரியும். அந்த கடைப்பக்கம் அப்புறம் நான் போகவே இல்ல.

பில்லு விஷயம் ஒண்ணு. உங்க பில்லுல "விற்ற பொருள் வாபஸ் இல்லை"ன்னு இருக்குன்னியே, 2019 நுகர்வோர் சட்டப்படி கோளாறான பொருளை திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்றது முறைகேடு, பில்லுல இத்தினி நாளுக்குள்ளன்னு கெடு போடலன்னா 30 நாளுக்குள்ள எடுத்துக்கணும். யாராவது நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணா கடைக்குதான் தலைவலி. வாசிச்சி பாத்து வாங்கினவங்க பெரும்பாலும் திருப்பிக் கொண்டாரவே மாட்டாங்க, இதையே மேனேஜர்கிட்ட எடுத்து சொல்லு.

கதவடைக்கறதுக்கு பதிலா இப்படி கேட்டுப் பாரு: ஒவ்வொரு விலைக்கும் ஒரு கிட்டாரை வாசிச்சி பாக்கறதுக்குன்னே வெளிய வைங்க, கீபோர்ட் சத்தம் வராத மூலையில கைப்பிடி இல்லாத ஸ்டூல் ஒண்ணு போடுங்க, பெல்ட் பக்கிள் பின்பக்கத்தை கீறாம இருக்க ஒரு துணி குடுங்க, இங்க வாங்கினா கம்பி ஒசரம் சரி பண்றது ஃப்ரீன்னு எழுதி ஒட்டுங்க. அந்த கடைசி விஷயத்தை ஆன்லைன்காரன் செய்யவே முடியாது.

செவ்வாக்கெழம லீவுதானே, அவரு இன்னா சொன்னாருன்னு போன் பண்ணு. அப்படியே பெங்களூர்ல வீணைக்கு மேளம் கட்டறவங்க, அதான் மெழுகு வச்சி மெட்டு பதிக்கறவங்க, யாராவது இருக்காங்களான்னு விசாரிச்சி வை. சத்துவாச்சாரி டீச்சரம்மா வீணைல இந்த அக்னி வெயிலுக்கு மெழுகு இளகி மேளம் நகர்ந்து போச்சி, தஞ்சாவூருக்கு அனுப்ப அவங்க பயப்படறாங்க.

அம்மா