கார்த்திக்கு, உன் டேங்க் விஷயமாக

அன்புள்ள கார்த்தி,

நீ விட்டுப்போன உப்புத் தண்ணீர் டேங்க்கில் உன் லெதர் கோரல், அந்த மெத்தென்ற பவளம், சுருங்கிக் கிடக்கிறது. சின்னப் பூப்போல் விரியுமே பாலிப், ஒன்றுகூட வெளியே வரவில்லை. மேலே மெழுகு பூசினாற்போல் பளபளவென்று ஒரு தோல். அம்மா விளக்கேற்ற வந்தாலும் முதலில் அதைத்தான் பார்க்கிறாள். "அவனுக்கு எழுதிக் கேளுங்க" என்கிறாள். படம் அனுப்பியிருந்தேன். நீ பார்த்துவிட்டாய் என்றும் தெரிகிறது.

கடைக்காரர் செத்துவிட்டது, எடுத்துப் போடுங்கள் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. கல்லோடு தூக்கி முகர்ந்து பார்த்தேன், நாற்றமில்லை. அழுகினால் நாறும், சதை கரையும் என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய். கல் பவளம் 1972 வனவிலங்குச் சட்டப்படி வைத்திருக்கக் கூடாது, வேண்டாம்பா என்று கடையிலேயே சொன்ன பிள்ளை நீ. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் இன்னமும் அதைச் சொல்கிறேன்.

டேங்க்கில் உப்புத் தண்ணீரின் அடர்த்தி 1.025, சூடு 26 டிகிரி. இரண்டும் சரி. தண்ணீர்தான் சந்தேகம். காவிரி வராத நாளில் டேங்கர்தானே. ஆர்.ஓ. தாண்டி, மிச்ச உப்பை உறிஞ்சும் ரெசினும் தாண்டி வந்த தண்ணீருக்கு, கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 14 காட்டுகிறது, பூஜ்யம் காட்ட வேண்டும். ரெசின் நிறமே மாறியிருந்தது. கண்ணாடியில் பழுப்புப் பாசி படிந்ததும் அதனால்தான் இருக்கும். புது ரெசின் போட்டு, கார்பன் மாற்றி, தண்ணீரை ஓடவைக்கும் வேவ்மேக்கரைக் கொஞ்சம் கோரல் பக்கம் திருப்பினேன். தண்ணீரைச் சிறுகச் சிறுகத்தான் மாற்றுகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் தாங்காது.

நேற்று அந்தத் தோல் ஓரத்தில் கிழிந்து நாடா மாதிரி ஆடியது. தோல்தான் உரிக்கிறது கார்த்தி. உரித்து முடிக்கிறவரை மூடியேதான் இருக்கும், சிலசமயம் வாரக்கணக்கில். விரலால் பிய்க்கக் கூடாது என்று அம்மாவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

நீ வீடு மாறிவிட்டாய் என்று பெரியம்மா பையன் சொன்னான். ஹாம்பர்க்கில்தானே? வேலைக்குப் போகிற பிள்ளை வீடு மாறத்தான் செய்யும், அதில் ஒன்றுமில்லை. அவனுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லையே என்றுதான். வேலையோ வீடோ, எதையும் அவசரப்பட்டு மாற்றாதே. வேளைக்குச் சாப்பிடு. மல்லேஸ்வரம் டெபாசிட் சும்மாத்தான் கிடக்கிறது, அது உனக்குத்தான். எதற்கும் அவசரப்படாதே.

அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கட்டிவைத்திருக்கிறாள். எந்த அட்ரஸுக்கு அனுப்ப என்று மட்டுமாவது எழுது.

அப்பா