சதுர அடிக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டால்

பாளையங்கோட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். ஆச்சிக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. உன்னிடம் வீட்டு வேலையைக் கொடுத்திருக்கிற சங்கரன்கோவில்காரர் "சதுர அடிக்கு எவ்வளவும்மா ஆகும்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், ஏதாவது ஒரு தொகையைச் சொல்லிவிடட்டுமா என்றாய். போனில் பேசி முடிக்கிற விஷயமில்லை அது. சர்வீஸ் முழுக்கக் கட்டடச் செலவுக்கு எஸ்டிமேட் போட்டே கழித்தவள் நான். ஆர்க்கிடெக்டாக நீ சொந்தமாக ஆபீஸ் போட்டு எடுத்திருக்கிற முதல் வேலை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தொகையைச் சொல்லு, நழுவாதே. கட்டுகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும். பேங்க் கடனுக்குப் போகணும், வயலை விற்பதா வேண்டாமா என்று வீட்டில் பேசி முடிவெடுக்கணும். ஆனால் ஒற்றை எண்ணாகச் சொல்லாதே. குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று சொல்லு. அதற்குள் எதெல்லாம் அடங்கும், எதெல்லாம் அடங்காது என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கொடு. படம் மாறும்போதெல்லாம் அந்தத் தாளும் மாறணும். உங்கள் ஆர்க்கிடெக்ட் கவுன்சில் விதிகளிலேயே முதல் கட்ட வரைபடத்தோடு பரப்பளவை வைத்து உத்தேசச் செலவும் கொடுக்கணும் என்றுதானே இருக்கிறது. ஆனாலும் படம் எல்லாம் முடிந்த பிறகுதான் பலர் எஸ்டிமேட்டைத் தொடுகிறார்கள். அந்த நேரத்தில் தொகை கூடிப்போனது தெரிந்தால் எதைக் குறைப்பாய்? டைல்ஸையும் பெயிண்டையும்தான் மட்டமாக்க முடியும். வீட்டின் அளவு, வடிவம், தூண்களின் இடைவெளி எல்லாம் அதற்குள் உறுதியாகியிருக்கும். பெரிய பணம் போவது அவற்றில்தான்.

ஒரு கணக்குப் பார். 1,200 சதுர அடியை 40க்கு 30 என்று வரைந்தால் வெளிச்சுவர் 140 அடி. அதையே 60க்கு 20 என்று நீட்டினால் 160 அடி. பத்தடி உயரச் சுவர் என்றால் 200 சதுர அடிச் சுவர் கூடிவிட்டது. அதற்குக் கீழே அஸ்திவாரம், இரண்டு பக்கமும் பூச்சு, பெயிண்ட் எல்லாம் சேர்ந்து கூடும். சதுர அடி ரேட்டு போட்டுச் சொல்கிறவருக்கு இந்த இரண்டு வீடும் ஒன்றுதான். முற்றம் வைக்கணும் என்று நீ ஆசைப்படுவது எனக்குத் தெரியும். வை. நம் பக்கத்து வெயிலுக்குத் தார்சா என்கிற முன்தாழ்வாரத்திலிருந்து பட்டாசல் என்கிற கூடம் வழியாகக் காற்று ஓட முற்றத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் அதைச் சுற்றி வருகிற சுவர், தூண், தாழ்வாரக் கூரை, மழைத்தண்ணீர் வெளியேறுகிற குழாய் எல்லாவற்றையும் வரைந்த அன்றைக்கே கணக்கில் ஏற்று. வேண்டும் என்று அவர்கள் சொல்வதானால் விலை தெரிந்து சொல்லட்டும்.

சதுர அடி என்று சொன்னால் எந்தச் சதுர அடி என்று கேட்டுக்கொள். 2016 ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிற கார்பெட் ஏரியாவில், அதாவது உள்ளே புழங்குகிற பரப்பில், வெளிச்சுவர் வராது, உள்தடுப்புச் சுவர் வரும். பிளிந்த் ஏரியா என்கிற மொத்தத் தரைப்பரப்பில் சுவர் எல்லாமே வரும். காண்ட்ராக்டர் போர்டிகோவையும் மாடிப்படித் தலைப்பையும் சேர்த்துப் பில் போடுவார். அப்புறம் சதுர அடிக்குள் வராததே ஒரு வீட்டுச் செலவு இருக்கிறது: போர்வெல், சம்ப் என்கிற தரையடித் தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், மின் இணைப்பு, கேட், மனையை மேடாக்குகிற மண், காம்பவுண்டு. சங்கரன்கோவில்காரர் மனை 60க்கு 40 அடி என்றாய். சுற்றி வந்தால் 200 அடி. வீட்டு வெளிச்சுவரைவிடக் காம்பவுண்டுச் சுவர் நீளம். இதை யாருமே முதலில் எண்ணுவதில்லை.

கல்லிடைக்குறிச்சியில் நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இப்படித்தான் மாட்டிக்கொண்டது. மட்டப்பா, அதாவது மேல்தளக் கூரை, காங்கிரீட் போட்ட அன்று பந்தி வைத்தார்கள். பாதிக்குமேல் முடிந்தது என்ற நினைப்பு. பூச்சு, தரை, கதவு, வயரிங், பிளம்பிங், பெயிண்ட் என்று இன்னொரு பாதி காத்துக்கொண்டிருந்தது. அந்தம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயும் வெளிப்பூச்சு நடக்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கப் பூசாத சுவர் ஈரத்தை உறிஞ்சியது. கொத்தனார் வேலை சுத்தம். படமும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் மொத்தச் செலவை யாருமே அவர்கள் முன்னால் முழுசாக எடுத்து வைத்ததில்லை. எனக்கு இன்றும் அந்த வழியாகப் போனால் மனசு கேட்காது.

மனை கரிசல் என்று சொன்னாய். அப்படியானால் மண் பரிசோதனைக்கு முன்னால் அஸ்திவாரத்துக்கு எந்த எண்ணையும் உறுதியாகச் சொல்லாதே. கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மேலாக வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டிக் கட்டினால் சுவர் கீறிவிடும். ரூர்க்கியில் இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த, அடியில் குமிழாக விரிகிற பைல் என்கிற நிலத்தடிக் காங்கிரீட் தூண் இந்த மண்ணுக்கென்றே வந்தது. அதுவா, வேறு வகையா என்று உன் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் சொல்லட்டும். இதே படத்தை இங்கே பாளையில் பாறை தட்டுகிற மனையில் கட்டினால் அஸ்திவாரக் கணக்கே வேறு. பாறை மனையில் ஆழம் குறையும், பாறை உடைக்கிற கூலி ஏறும். பெங்களூரில் கட்டிய வீட்டின் ரேட்டை எடுத்து இங்கே பெருக்காதே என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்குத்தான்.

எஞ்சினியரைப் படம் முடிந்த பிறகு கூப்பிடாமல் முதல் கோட்டிலேயே பக்கத்தில் உட்கார வை. 1,000 சதுர அடி மட்டப்பா 5 அங்குலம் என்றால் காங்கிரீட் சுமார் 11.8 கன மீட்டர். 6 அங்குலம் என்றால் 14.2. சிமெண்ட் 1, மணல் 1.5, ஜல்லி 3 என்கிற 1:1.5:3 கலவைக்குக் கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை சிமெண்ட். ஓர் அங்குலத்துக்கு 19 மூட்டை கூடிவிட்டது, அந்த எடையைத் தாங்க பீமும் தூணும் வேறு பெருக்கும். ஹாலில் நடுத்தூண் வேண்டாம் என்று நீ ஒரு கோடு போடுகிற நேரத்தில்தான் இது தீர்மானமாகிறது. கம்பியும் இப்படித்தான். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதையே அதால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி 0.89 கிலோ, 16 மி.மீ. 1.58 கிலோ. நாலு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், எடை கிட்டத்தட்ட 1.8 மடங்கு. கம்பி வளைக்கிற அட்டவணையை ஒருமுறையாவது நீயே போட்டுப் பார். உன் கையால் அளவெடுத்த வேலையில் யாரும் உன்னை ஏமாற்ற முடியாது.

சிட்னி ஆபரா ஹவுஸ் படத்தை உன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாய். அழகுதான், எனக்கும் பிடிக்கும். அந்தக் கூரையை எப்படிக் கட்டுவது என்று முடிவாவதற்கு முன்னாலேயே 1959ல் அடித்தள வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கூரையின் எடை தெரிந்ததும், கட்டி வைத்த தூண்கள் போதாது என்று மறுபடி வேலை பார்க்க வேண்டி வந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்டது 1973ல் 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. வரைந்த யோர்ன் உட்சன் 1966லேயே விலகிப் போய்விட்டார். ஒரு அரசாங்கம் அந்தத் தொகையைத் தாங்கிக்கொண்டது. சங்கரன்கோவிலில் ஒரு குடும்பம் எதை விற்றுத் தாங்கும் என்று யோசி.

விலைகளுக்கு வருகிறேன். பொதுப்பணித்துறை ரேட் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள். ஒவ்வொரு வேலைக்கும் எந்தப் பொருள், எத்தனை ஆள், எவ்வளவு தூரத்து வண்டிக்கூலி என்று பிரித்துப் பார்க்க அது நல்ல வழிகாட்டி. ஆனால் தொகையைச் சங்கரன்கோவில் கடைகளிலும் ஜல்லி உடைக்கிற கிரஷரிலும் கேட்டுத்தான் போடணும். நம் தாழையூத்தில் 1949லிருந்து சிமெண்ட் ஆலை ஓடுகிறது, அதற்காக நமக்கு மூட்டை சும்மா கிடைப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமானது. பத்து சதவீதம் குறைந்தது என்று வீட்டுக்காரர் சொல்வார். வரிக்கு முன்னால் 100 ரூபாய் என்றால், வரியோடு 128 ரூபாய் 118 ஆகும், குறைவது எட்டு சதவீதத்துக்கும் சற்றே கம்மி. அதுவும் ஆலை விலை ஏறாமல் இருந்தால்தான். எம்சாண்டை, அதாவது கல்லை அரைத்துச் செய்கிற மணலை, யூனிட் கணக்கில் வாங்குவீர்கள், ஒரு யூனிட் 100 கன அடி. லாரி வந்ததும் டேப்பை வைத்து உள்ளளவு எடுக்கச் சொல்லு. ஈரமான மணல் கால் பங்கு வரைகூட உப்பித் தெரியும் என்பதையும் மறக்காதே. 2022 தொடக்கத்தில் உக்ரைன் போரோடு கம்பி விலை ஏறியபோது எத்தனை வேலைகள் பாதியில் நின்றன என்று பார்த்தேன். கம்பியும் சிமெண்டும் இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினால் யார் தாங்குவது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்கணும்.

சிக்கன வீடுகள் கட்டிய ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் முறையில் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டலாமா என்று கேட்டாய். செங்கல் சுமார் கால் பங்கு மிச்சமாகும், வெயிலுக்கும் நல்லது. ஆனால் அங்கே கிடைக்கிற கொத்தனார்களுக்கு அது பழக்கமா என்று பார். பழக்கமில்லாத கை மெதுவாகக் கட்டும், மிச்சமான பணம் கூலியில் போய்விடும். முதலில் காம்பவுண்டில் ஒரு துண்டு கட்டச் சொல்லி எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்.

நாளும் பணம்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த நேரத்தில் கரிசலில் வானம் தோண்டி வைத்தால் தண்ணீர் இறைக்கவே கூலி சரியாகப் போகும். 2023 டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது உனக்கு நினைவிருக்கும். அந்த வெள்ளத்தில் சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியபடியே கல்லாகிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன். பொங்கல் கழித்துத் தொடங்கி, அடுத்த மழைக்குள் மட்டப்பாவும் வெளிப்பூச்சும் முடிகிற மாதிரித் திட்டம் போடு. ஊரில் கோயில் கொடை வந்தால் ஒரு வாரம் ஆள் வராது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்க வீட்டுக்காரரே விட மாட்டார். வடக்கத்தி ஆட்கள் ஹோலிக்கும் தேர்தலுக்கும் ஊருக்குப் போவார்கள். இதையெல்லாம் காலண்டரில் குறித்துவிட்டுத்தான் மாதக் கணக்குச் சொல்லணும். ஒவ்வொரு மாதம் தள்ளும்போதும் காங்கிரீட்டுக்கு முட்டுக் கொடுக்கிற செண்ட்ரிங் பலகை வாடகையும், அவர்கள் இப்போது குடியிருக்கிற வீட்டு வாடகையும், கடன் வட்டியும் ஏறும்.

காண்ட்ராக்டரிடம் பணம் வேலைக்குப் பின்னாலேயே போகணும், முன்னால் ஓடக் கூடாது. பேஸ்மெண்ட் (தரைமட்டம் வரை), லிண்டல் (கதவு, ஜன்னல் மேல்மட்டம் வரை), மட்டப்பா, பூச்சு என்று கட்டத்துக்கு எவ்வளவு என்பதை உன் எஸ்டிமேட்டோடு ஒத்துப் பார்த்துப் பிரி. பேஸ்மெண்டிலேயே பெரிய பங்கை வாங்கிக்கொள்கிற பட்டியலில் கையெழுத்துப் போட விடாதே. அளவு எடுக்கிற முறை, கட்டட வேலை அளப்பதற்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 1200 என்று எழுதிவிடு. பூச்சுவேலையில் அரை சதுர மீட்டர் வரை உள்ள திறப்பைக் கழிப்பதில்லை, அதற்குமேல் மூன்று சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்கணும், இந்த மாதிரி எல்லாம் அதில் இருக்கிறது. ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா என்று கடைசி பில்லில் நடக்கிற சண்டை பாதி அத்தோடு நின்றுவிடும். ஒவ்வொரு பில்லிலும் ஐந்து சதவீதம் பிடித்து வைத்து, ஒரு மழை பார்த்த பிறகு கொடுக்கச் சொல்லு.

கூடுதல் வேலை ஒவ்வொன்றும் எழுத்தில் வரட்டும். "இந்தச் சுவரை ஒரு அடி தள்ளிக்கலாமா" என்று அவர்கள் கேட்பார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடாதே. அன்று சாயங்காலமே கணக்குப் போட்டு இவ்வளவு கூடும் என்று வாட்ஸ்அப்பிலாவது அனுப்பு, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு வேலை நடக்கட்டும். டைல்ஸ், குழாய் சாமான், நிலைக்கதவு மரம், மின்விளக்கு இவற்றுக்கு ஒரு தொகையை ஒதுக்கி, சதுர அடிக்கு இத்தனை ரூபாய் டைல்ஸ் வரை என்று எழுதி வை. கடைக்குப் போய் மனசு மாறினால் வித்தியாசம் அவர்களுக்கே தெரியும். மொத்தத்தில் ஐந்து முதல் பத்து சதவீதம் தனியாக எடுத்து வைக்கச் சொல்லு. கரிசல் என்பதால் நான் பத்துதான் சொல்வேன். அதைத் திண்ணை கிரானைட்டுக்கு எடுக்க விடாதே.

இன்னொன்று, இதை நீ யோசித்து முடிவெடு. உன் ஃபீஸைச் செலவில் இத்தனை சதவீதம் என்று பேசாமல் ஒரு தொகையாகப் பேசு. சதவீதம் என்றால், செலவு கூடக் கூட உனக்கும் கூடும். நீ நேர்மையாகத்தான் இருப்பாய், எனக்கு அதில் துளி சந்தேகமில்லை. ஆனால் செலவைக் குறைக்க நீ எடுக்கிற பாடு உன் கையிலிருந்தே போகிற மாதிரி ஏன் இருக்கணும்? நீ ஒன்று கூடும் என்று சொல்லும்போது அவர்களும் வேறு விதமாக நினைக்க இடமிருக்காது.

மண் பரிசோதனை அறிக்கை வந்ததும் எனக்கு அனுப்பு. உன் படத்தையும் அனுப்பு, அளவு எடுத்து நானும் தனியாக ஒரு எஸ்டிமேட் போடுகிறேன், இரண்டையும் வைத்துப் பார்க்கலாம். கிரஷர் ரேட்டும் கம்பி ரேட்டும் அப்பா சங்கரன்கோவில் போகும்போது விசாரித்து வருவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா