அந்த 'ஓரிரு இடம்' எதுங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கங்க.

கேத்தி பாலாடா பக்கம் பள்ளத்துல ஒரு ஏக்கர் சொச்சம் மலைக்காய்கறி, மேட்டுல கொஞ்சம் தேயிலை வச்சிருக்கேன். வருஷா வருஷம் மார்கழி பிறக்கற நேரத்துல உங்க பேப்பர்ல (உங்க பேப்பர்னு இல்ல எல்லாத்துலயும்தான்) ஒரு போட்டோ வந்துரும், ஊட்டி பக்கம் தலைகுந்தா புல்வெளி உறைபனியில வெள்ளையா கிடக்கும், ஒருத்தர் கார் கண்ணாடியில ஐஸை சுரண்டிட்டு நிப்பாரு, மேல 'குட்டி காஷ்மீரான ஊட்டி'ன்னு தலைப்பு. பாக்க நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கு காலையில எங்க உருளைக்கிழங்கு செடி வெந்த கீரை மாதிரி தொங்கிட்டு நிக்கும், அதை யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க.

நான் எழுத வந்தது போட்டோவை பத்தி இல்ல. வானிலை அறிக்கையில வரும் பாருங்க, 'நீலகிரி மாவட்டத்தில் இரவு நேரங்களில் ஓரிரு இடங்களில் உறைபனி ஏற்பட வாய்ப்பு'ன்னு, நீங்களும் அப்படியே போடறீங்க. அந்த ஓரிரு இடம் எதுங்க? கூடலூர் 1000 மீட்டர் உயரம், குன்னூர் 1850, ஊட்டி 2240, தொட்டபெட்டா உச்சி 2637. இத்தனையையும் ஒரே மாவட்டம்னு ஒரே வரியில அடிச்சா யாருக்கு என்ன புரியும்? கூடலூர்க்காரருக்கு உறைபனின்னாலே பேப்பர்ல பாக்கற சமாச்சாரம்தான்.

உயரமா இருந்தா குளிர் ஜாஸ்தின்னு கீழ இருக்கறவங்க நினைப்பாங்க, உறைபனிக்கு அந்த கணக்கு மட்டும் போதாது. மேகம் இல்லாம காத்தும் இல்லாம இருக்கற ராத்திரியில தரை சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுடும், தரையை ஒட்டி இருக்கற காத்து குளிர்ந்து கனமாகி தண்ணி மாதிரி சரிவுல இறங்கி பள்ளத்துல வந்து தேங்கிடும். அதனாலதான் ரேஸ்கோர்ஸ், காந்தல், தலைகுந்தா, அவலாஞ்சி மாதிரி தாழ்வான இடமெல்லாம் முதல்ல வெள்ளையாகுது, மேட்டுல இருக்கற தோட்டம் பல நாள் தப்பிச்சுக்குது. என் தோட்டத்துலயே பள்ளத்துல கருகும், எழுபது எண்பது அடி மேல ஒண்ணும் ஆகியிருக்காது. இன்னொன்னு, பேப்பர்ல வர்ற டிகிரி ஆள் உயரத்துக்கு கொஞ்சம் கீழ பெட்டிக்குள்ள வச்ச தெர்மாமீட்டர்ல எடுத்தது. அங்க 3 டிகிரின்னா புல்லு மட்டத்துல ஜீரோவுக்கு கீழ போயிருக்கும். 'ஊட்டியில் 3 டிகிரி'ன்னு படிச்சுட்டு அப்பாடா உறைபனி இல்லன்னு நினைச்சா ஏமாந்தோம்.

அப்புறம் டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் குளிர் எப்படி இருக்கும்னு வானிலைத் துறை நவம்பர் கடைசியில ஒரு கணிப்பு விடுவாங்க. இயல்பை விட கூடுதலா குறைவான்னு மொத்தமா மூணு மாசத்துக்கு. அது நாடு முழுக்க போடற கணக்கு, தப்பு சொல்லல, ஆனா எங்க பள்ளத்துக்கு அதை வச்சு என்ன பண்றது? இங்க குளிர்காலத்தை தீர்மானிக்கறது வடகிழக்கு பருவமழைதான். வங்கக்கடல்ல அடுத்தடுத்து காத்தழுத்த தாழ்வு வந்துட்டே இருந்தா மேகமும் மழையுமா இருக்கும், பனி ஜனவரிக்கு தள்ளிப்போகும், மழை சீக்கிரம் நின்னா நவம்பர்லயே நீர்ப்பனி (உறையாம தண்ணியா படியற பனி) ஆரம்பிச்சு பின்னாடியே உறைபனி வந்து நிக்கும். பகல்ல சுள்ளுனு 20, 22 டிகிரி வெயில் அடிக்கும், ராத்திரி வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கும், விடிஞ்சா எல்லாம் வெள்ளை. சராசரி போட்டு பாத்தா 'இயல்பான குளிர்'னுதான் வரும்.

மழை ஜாஸ்தியானா பனி தப்பிச்சோம்னு சந்தோஷப்படவும் முடியாது. 2009 நவம்பர்ல இந்த மலையில மண் சரிஞ்சு 40 பேருக்கு மேல போனாங்க, அந்த ராத்திரியை இங்க யாரும் மறக்கல. மழைக்கு இப்ப ஆரஞ்சு, ரெட்னு கலர் போட்டு சொல்றாங்க, நல்ல விஷயம். அது மாதிரி பனிக்கும் ஒண்ணு கேக்கறோம்.

பெரிசா ஒண்ணும் இல்லீங்க. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இன்னிக்கு ராத்திரி மேகம் இருக்குமா, காத்து இருக்குமா, புல்லு மட்டத்துல எவ்வளவு இறங்கும், எந்தெந்த பள்ளத்துக்கு ஆபத்து, இவ்வளவுதான். முன்கூட்டி தெரிஞ்சா இளஞ்செடியை காஞ்ச புல்லு, பெரணி போட்டு மூடலாம், விடியறதுக்கு முன்னாடி ஸ்பிரிங்ளர் ஓட்டி இலையில படிஞ்சதை கழுவி விடலாம். வெயில் சுருக்குனு பட்ட பிறகு தண்ணி விட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல. நான் ஒரு வருஷம் மூணு ராத்திரி தொடர்ந்து மோட்டார் ஓட்டினேன், பனி வரல, நாலாவது ராத்திரி அலுத்துப்போய் தூங்கிட்டேன், அன்னிக்குதான் வந்துச்சு. ஊட்டி தாவரவியல் பூங்காவுல பூச்செடிக்கு மேல கோத்தகிரி மிலார்ங்கற செடியை வச்சு மூடறதை பாத்திருப்பீங்க, ஆள் இருக்கு மூடறாங்க. ஜனவரியில நீர்ப்போகம், அதாவது தண்ணி பாய்ச்சி எடுக்கற போகம், உருளை போடறவன் ஒரு ஏக்கரை தினமும் மூடி மூடி எடுக்க முடியுமா, கூலி என்னாகும்?

கூலின்னதும் ஞாபகம் வருது. கேரட் மண்டிக்கு நேரத்துக்கு போகணும்னு விடியக்காலம் இருட்டுல பிக்கப்புல நின்னுட்டே தோட்டத்துக்கு போறவங்க, அந்த தண்ணியில கேரட் கழுவற பொம்பளைங்க கையை ஒரு தடவை பாருங்க. நாளைக்கு கடும்பனின்னு முன்னாடியே தெரிஞ்சா அறுவடையை ரெண்டு மணி நேரம் தள்ளி வைக்க சொல்லி கேக்கலாம், இப்ப எதை காட்டி கேக்கறது?

டூரிஸ்ட் ஆளுங்களுக்கும் இதுல வேலை இருக்கு. ரூமுக்குள்ள கரி அடுப்பை வச்சு ஜன்னலை சாத்திட்டு படுக்காதீங்கன்னு பனி சீசன் முழுக்க ஒரு பெட்டிச் செய்தி போடுங்க, அந்த புகை இல்லாத விஷவாயு வாசம் கூட வராது, தூக்கத்துலயே ஆள் போயிடும்.

உங்க நீலகிரி பதிப்புல ராசிபலனுக்கு பக்கத்துல அஞ்சு விரக்கடை இடம் போதும். நாங்க தினமும் எங்க பள்ளத்துல புல்லு மேல தெர்மாமீட்டர் வச்சு பாத்து சொல்றோம், என்கிட்ட ஒண்ணு இருக்கு, எமரால்டு பக்கம் தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்டயும் இருக்கு. யாருக்கு அனுப்பணும்னு மட்டும் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு சிறு விவசாயி,
கேத்தி பாலாடா, நீலகிரி.