பொல்கொட வாவி: படகு, நீர்ச்சறுக்கு விதிகளில் மாற்றம்

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கொழும்பிலிருந்து வார இறுதிகளில் நாம் செல்லும் பொல்கொட வாவிக்கான நமது குழு விதிகள் வரும் சனிக்கிழமை முதல் மாறுகின்றன. நீர்ச்சறுக்குபவரை இழுக்கும் படகில், ஓட்டுநரைத் தவிரப் பின்பக்கம் பார்த்தபடி அமரும் கண்காணிப்பாளர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்; முன்னால் பார்த்து ஓட்டுபவரால் சுமார் 23 மீற்றர் கயிற்றின் மறுமுனையில் விழுந்தவரை உடனே கவனிக்க இயலாது என்பதால், பின்புறம் பார்க்கும் கண்ணாடியே போதும் என்ற வாதத்தை இனி ஏற்க மாட்டோம். விழுந்தவர் கையை உயர்த்தினால் நலம் என்று பொருள். எப்படியாயினும் உடனே திரும்பிச் சென்று, அவரைப் படகில் ஏற்றுமுன் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கு அடியில் வைத்திருப்பது அணிந்ததாகாது.

கண்டல் மரங்கள் நிற்கும் கரையோரத்திலும் மீனவர் வள்ளங்களுக்கு அருகிலும் மெதுவாகவே செல்லவும். நாம் எழுப்பும் அலை கரை மண்ணை அரிப்பதோடு, வலை இழுப்பவரின் சிறு வள்ளத்தையும் கவிழ்த்துவிடக்கூடும். சென்ற முறை படகை உந்தும் எஞ்சின் விசிறியில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டபோது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே ஒருவர் அதைக் கையால் இழுக்க முனைந்தது நினைவிருக்கும். சாவியைக் கழற்றிய பின்னரே கை வைக்கவும்.

கொழும்பு நகரிலுள்ள பேர வாவியில் நாம் துடுப்புப் படகு மட்டுமே எடுப்பதால், அங்கு அங்கி விதி மாத்திரம் பொருந்தும்.

நிர்வாகக் குழு